குழல்முனை வெட்டும் அதற்கொரு சொல்லும்

ஓர் இரும்புக் குழலின் முனையை மற்றொரு குழலின் உடம்பின்மேல் செங்குத்தாக நிறுத்திப் பற்றவைக்க வேண்டும் என்று கொள்வோம். முனை நேராக அறுக்கப்பட்டிருந்தால் அது மற்றக் குழலின் முதுகில் இரண்டு புள்ளிகளில் மட்டுமே தொடும். இரு பக்கங்களிலும் விரல் நுழையும் அளவுக்கு வெளி தெரியும். அந்த வெளி மறைய வேண்டுமானால், நிற்கும் குழலின் முனை படுத்திருக்கும் குழலின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து வெட்டப்பட வேண்டும். படிக்கட்டுக் கைப்பிடி, வாசற்கதவு, மிதிவண்டிச் சட்டம், விளையாட்டுத் திடலின் ஊஞ்சற்கால், தைப்பூசத்தில் தோளில் ஏறும் காவடிச் சட்டம் ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும், வட்டக் குழல் வட்டக் குழலைச் சந்திக்கும் இடந்தோறும் இவ்வெட்டு இருக்கின்றது. நல்ல வேலையில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஜோகூர் பாருவின் வடமேற்கே உள்ள தம்போயில் இவ்வேலை அன்றாடம் நடைபெறுகின்றது. தம்போய் என்பது மலாய் மொழியில் ஒரு பழமரத்தின் பெயர். இன்று அப்பெயரைக் கேட்போருக்குப் பழத்தைவிடத் தொழிற்பேட்டையே நினைவுக்கு வரும். இங்குள்ள பட்டறைகளில் தமிழ் இளைஞர்கள் வேலையின் நடுவே பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்டால் மொழியியலாளர்க்கு ஒன்று புலப்படும். கருவிகளின் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. பொருள்களின் பெயர்களில் மலாயும் ஆங்கிலமும் கலந்து வருகின்றன. ஆனால் வேலை சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்லும் வினைகள் தமிழாகவே இருக்கின்றன. ‘அண்ணே, சரியா உக்காரல’, ‘இந்தப் பக்கம் இடிக்குது’, ‘இன்னும் கொஞ்சம் தேய்’ என்பவை அத்தகையன. உட்கார்தல் என்னும் வினையைப் பொருத்துவேலைக்கு ஆளும் இவ்வழக்கு எந்தக் கலைச்சொற்குழுவும் ஆக்கித் தந்ததன்று.

அந்த இளைஞர்கள் உட்காரவில்லை என்று சொல்கின்ற அந்த வெட்டுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் இல்லை. ‘நாட்ச்’ என்பர், அல்லது விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டி ‘இப்படி வெட்டு’ என்பர். நேரில் நிற்பவனுக்கு அது போதும். அடுத்த ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்பவனுக்கும், ஏன் அப்படி வெட்ட வேண்டும் என்று காரணம் கேட்கும் புதியவனுக்கும் அது போதாது. ஆகவே சொல்லை முதலில் ஆக்கிவிட்டுப் பொருளைத் தேடாமல், பொருளை முதலில் விளக்கிவிட்டுச் சொல்லுக்கு வருவோம்.

தொடக்கத்திலேயே பெயர்க்குழப்பம் ஒன்றைத் தீர்க்க வேண்டியுள்ளது. கடையில் ‘ஒன்றரை அங்குலப் பைப்’ என்று கேட்டு வாங்குவதில் எந்த இடத்திலும் ஒன்றரை அங்குலம் கிடையாது. ஒன்றரை அங்குலம் என்பது 38.1 மி.மீ.; அக்குழாயின் புறவிட்டமோ 48.3 மி.மீ. நடுத்தரக் கனத்தில் சுவர் 3.2 மி.மீ. ஆகையால் அகவிட்டம் ஏறத்தாழ 42 மி.மீ. நீரோ ஆவியோ செல்வதற்கு எவ்வளவு வழி இருக்கிறது என்பதைக் குறிக்க எழுந்த பெயரளவு அது. பிற்காலத்தில் சுவர் மாறியும் பெயர் மாறவில்லை. இதற்கு மாறாக, சட்டங்களுக்கும் அறைகலன்களுக்கும் உரிய மெல்லிய வகை புறவிட்டத்தாலேயே அளக்கப்படுகின்றது. மலாய் இவற்றைப் ‘பைப்’, ‘தியூப்’ என்று ஆங்கிலத்தைத் தழுவிப் பிரிக்கின்றது. தமிழில் குழாய், குழல் என்னும் இரு சொற்களும் முன்பே உள்ளன. ஒன்று உள்ளே செல்வதை நோக்கிய பெயராகவும் மற்றது வடிவை நோக்கிய பெயராகவும் வழக்கில் ஓரளவு பிரிந்தும் நிற்கின்றன: தண்ணீர்க் குழாய், துப்பாக்கிக் குழல். இப்பிரிவைத் தொழிலிலும் கொள்ளலாம் என்பது நம் கருத்து. இது வெறும் சொல்லாய்வு அன்று. ‘ஒன்றரை’ என்ற பெயரை நம்பி 38 மி.மீ. வெட்டுக்கருவியை எடுத்தவன் வெட்டிய முனை, காதுகளில் மட்டும் இடித்துக்கொண்டு நடுவில் வெளி விட்டு நிற்கும்.

காது என்று சொன்னோம். குடைந்து வெட்டிய முனையைப் பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு பக்கமும் நீண்டு நிற்கும் நுனிகள் உண்டு. பட்டறையில் நீட்டிக்கொண்டிருக்கும் எதையும் காது என்பது வழக்கம். இரண்டு காதுகளுக்கும் நடுவே மிகவும் உள்வாங்கிய இடத்தை அடி என்போம். அடி, படுத்திருக்கும் குழலின் முதுகில் உட்காரும். காதுகள் அதன் விலாவை இரு புறமும் பிடிக்கும். இந்த வளைவு வட்டத்தின் பகுதி அன்று. இரண்டு உருளைகள் ஒன்றையொன்று வெட்டும்போது பிறக்கும் கோடு அது. அதைத் தட்டையாக விரித்தால் அலைபோல இரு மேடும் இரு பள்ளமும் உடைய கோடாகும்.

விரித்து வரையலாம் என்பதே பழைய முறையின் அடிப்படை. குழலின் சுற்றளவுக்குச் சமமான நீளமுள்ள தாளை எடுத்து, பன்னிரண்டு சம பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் உரிய உயரத்தைக் குறித்து, புள்ளிகளை வளைவாக இணைத்து வெட்டிக் குழலின்மேல் சுற்றினால், அறுக்க வேண்டிய கோடு கிடைத்துவிடும். 48.3 மி.மீ. குழலுக்குச் சுற்றளவு 151.7 மி.மீ.; ஒரு பகுதி ஏறத்தாழ 12.6 மி.மீ. இரு குழல்களும் அதே அளவின, கோணம் செங்கோணம், சுவர் 3.2 மி.மீ. அப்படியானால் அடியிலிருந்து காதுவரை உயரங்கள் முறையே 0, 2.4, 8.2, 12.1 மி.மீ.; பின்பு அதே எண்கள் இறங்குவரிசையில் வரும். பன்னிரண்டு கோடுகளில் இவ்வாறு இருமுறை ஏறி இறங்கினால் தாள் முடியும்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று வினவுவோர்க்காக: படுத்திருக்கும் குழலின் புற ஆரத்தின் வர்க்கத்திலிருந்து, நிற்கும் குழலின் அக ஆரத்தையும் அக்கோட்டின் கோணத்துக்குரிய சைன் மதிப்பையும் பெருக்கி வர்க்கமாக்கியதைக் கழித்து, மிச்சத்துக்கு வர்க்கமூலம் கண்டு, அதைப் புற ஆரத்திலிருந்து கழிக்க வேண்டும். ஏன் அக ஆரம்? தாளைச் சுற்றுவது வெளிப்புறத்தில்தானே? இங்கேதான் பலருடைய தாள்கள் தவறிவிடுகின்றன. சுவருக்குக் கனம் உண்டு. புற ஆரத்தை வைத்துக் கணக்கிட்டால் காதின் உயரம் 12.1 ஆக இராது, 24 மி.மீ.க்கு மேல் போய்விடும். சுவருக்குக் குறுக்கே நேராக அறுத்த அந்த விளிம்பின் உட்புறம் முந்திக்கொண்டு இடிக்கும், முனை உட்காராது. அக ஆரத்தை வைத்து வெட்டினால் உள்விளிம்பு ஒட்டித் தொடும். காதின் வெளிவிளிம்பில் ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி சரிவாகத் திறந்து நிற்கும். அந்தச் சரிவு குறை அன்று. உருகிய உலோகம் போய்த் தங்குவதற்கு அதுவே இடம்.

உருளைமேல் தகடு சுற்றிக் கோடு போடும் கலை ஜோகூர்த் தமிழர்க்குப் புதியதன்று என்பதை இங்கே இடைச்செருகலாகச் சொல்ல விரும்புகிறோம். தோட்டங்களில் புதிதாகப் பால் வெட்டத் தொடங்கும் மரத்தில், ஒரு குச்சியில் அறைந்த வளையும் தகட்டைப் பட்டையின்மேல் சுற்றி, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் அரைச்சுற்றுக் கோடு போட்டுக்கொண்டுதான் கத்தி வைப்பர். பட்டையின் உள்ளே இருக்கும் மென்படலத்தைத் தொடாமல் வெட்ட வேண்டும். தொட்டுவிட்டால் மரத்தில் வடு விழும். உருளையும் சரிவும் ஆழமும் அறிந்த கைகள் அவை. பால்வெட்டு, பெரட்டு, லயம் என்று தமக்கு வேண்டிய சொற்களை ஆக்கியும் கடன்வாங்கியும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

தாளுக்கு அடுத்த முறை, இன்று சிறு பட்டறைகளில் மிகுதியாகக் காணப்படுவது, ஹோல் சா. வாயில் பல் வைத்த கிண்ணம் போன்றது அது. குழலை ஒரு சட்டத்தில் இறுகப் பிடித்து, கிண்ணத்தின் சுழலச்சு குழலின் அச்சைக் குறுக்கே வெட்டுமாறு நிறுத்தி அறுத்தால், கிண்ணம் உருளை வடிவில் பாதை விட்டுச் செல்லும். அந்தப் பாதையே வேண்டிய வெட்டு. கணக்கும் தாளும் வேண்டா. சுவரின் கனமும் தானே சரிப்பட்டுவிடும், ஏனெனில் வெட்டிய முகம் முழுவதும் உருளையின் முகமாகவே அமைகின்றது. ஆயினும் காதுநுனிகள் கத்திபோல் மெலிந்துவிடும். அவற்றை அப்படியே விட்டுப் பற்றவைத்தால் நொடியில் எரிந்து துளையாகும். ஆகவே நுனியைச் சற்றுத் தேய்த்து மழுங்கவிட வேண்டும்.

கிண்ணத்தின் அளவைத் தேர்வதில் புதியவர்கள் தடுமாறுவது உண்டு. வெட்டப்படும் குழலைப் பார்த்து அளவு எடுத்தல் கூடாது; எந்தக் குழலின்மேல் அது உட்காரப் போகின்றதோ அதன் புறவிட்டமே அளவு. 48.3 மி.மீ. குழலுக்குக் கடையில் கிடைக்கும் 48 மி.மீ. கிண்ணம் பொருந்தும், பல்லின் விரிவால் வெட்டு எப்படியும் சற்றுப் பெரிதாகவே விழும். வேகம் குறைவாக இருக்க வேண்டும். மென்னிரும்பில் அந்த அளவுக் கிண்ணத்துக்கு நிமிடத்துக்கு 150 சுற்று அளவில் வைத்து வெட்டெண்ணெய் விட்டால் பல் நெடுநாள் நிற்கும்; கைத்துரப்பணத்தின் முழு வேகத்தில் வைத்தால் முதல் நாளிலேயே பல் நீலம் பாய்ந்து போகும். சாதாரணக் கிண்ணத்தின் ஆழம் 40 மி.மீ. அளவே என்பதையும் மறத்தலாகாது. 48.3 மி.மீ. குழலை அது ஒரே ஓட்டத்தில் கடந்துவிடாது. ஆழமான கிண்ணம் வாங்க வேண்டும். அல்லது பாதியில் நிறுத்தி உள்ளே மாட்டிய துண்டை அறுத்தெடுத்துவிட்டுத் தொடர வேண்டும். சாய்கோண இணைப்பில் வெட்டு இன்னும் நீளும், தொல்லையும் கூடும்.

மற்றக் கருவிகளைச் சுருக்கமாகக் குறிக்கலாம். கோணக் கிரைண்டரும் பழகிய கண்ணும் மட்டுமே உடையவர் இரண்டு சாய்வெட்டு வெட்டி, முனையை வாய்போல் பிளந்து, பிறகு தேய்த்துத் தேய்த்து வளைவுக்குக் கொண்டுவருகிறார். ஒன்றிரண்டு வேலைக்கு இதைவிட எளிய வழி இல்லை, ஐம்பது வேலைக்கு இதைவிடக் கொடிய வழியும் இல்லை. உருளையின்மேல் ஓடும் தேய்ப்புப்பட்டை இயந்திரம் சில நொடிகளில் முடிக்கும். உருளையை மாற்றினால் அளவு மாறும். அச்சால் அடித்து வெட்டும் கருவி மெல்லிய சுவருக்கே ஏற்றது. விளிம்பைச் சற்று நசுக்கியும் விடும். பெருந்தொழிற்சாலைகளில் கணினி வழி இயங்கும் பிளாஸ்மா, லேசர் வெட்டிகள் இவ்வேலையைச் செய்கின்றன.

பெருங்குழல்களைப் பற்றிச் சொல்லும்போது தம்போய்க்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ள பாசீர் கூடாங்கைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1973-இல் கப்பற்பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம் அங்கே இன்று கடலடி எண்ணெய் எடுக்கும் மேடைகளைக் கட்டுகின்றது. அத்தகைய மேடைகளின் கால்களும் குறுக்குத்தாங்கிகளும் மனிதர் உள்ளே நடமாடத்தக்க பருமனுள்ள குழல்களாக இருப்பதுண்டு. அங்கும் வெட்டு இதே வெட்டுத்தான். ஆனால் சுவர் தடிப்பானது. இணைப்பைச் சுற்றி வரும்போது இரு சுவர்களுக்கும் இடைப்பட்ட கோணம் அடிக்கு ஒன்றாகவும் காதுக்கு ஒன்றாகவும் மாறுகின்றபடியால், விளிம்பின் சரிவும் அங்குலத்துக்கு அங்குலம் மாற வேண்டும்.

குழல் குழலைச் சந்திக்கும் இடத்தில் செய்யும் சிறு வேலை எவ்வளவு பெரியது என்பதற்கு 1980 மார்ச் 27 அன்று வடகடலில் நிகழ்ந்தது சான்று. அலெக்சாண்டர் கீலாண்ட் என்னும் நார்வே நாட்டு மிதவை மேடை, அன்று எண்ணெய்த் தொழிலாளர்களின் தங்குமிடமாகப் பயன்பட்டு வந்தது. புயலில் அதன் குறுக்குத்தாங்கிகளுள் ஒன்று முறிந்தது, மற்றவை அடுத்தடுத்து முறிந்தன, ஐந்து கால்களுள் ஒன்று பிரிந்து போயிற்று, மேடை கவிழ்ந்தது. இருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர். முறிந்த தாங்கி ஒரு பெருங்குழல். அதில் துளையிட்டு, ஒலிவாங்கிக் கருவி ஒன்றைப் பொருத்துவதற்காகச் சிறு குழற்பிடி ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது. எடை தாங்கும் உறுப்பு அன்று ஆகையால் அதன்மேல் எவரும் அவ்வளவு அக்கறை கொள்ளவில்லை. அந்த 6 மி.மீ. பற்றவைப்பிலிருந்துதான் விரிசல் தொடங்கியது. பின்னர் ஆய்ந்தபோது விரிசலின் உள்ளே பூச்சு காணப்பட்டது. மேடை கடலுக்குப் போவதற்கு முன்பே, பூச்சு அடிக்கும்போதே, அங்கே விரிசல் இருந்தது என்பது அதனால் தெரியவந்தது.

வாசற்கதவு கவிழ்ந்து 123 பேர் இறக்கமாட்டார்கள் என்பது உண்மையே. ஆயினும் காரணம் ஒன்றேதான். வெளி விட்டுப் பொருந்திய முனையைப் பற்றவைப்பவர் அந்த வெளியை உருகுலோகத்தால் நிரப்ப முயல்கிறார். மெல்லிய சுவர் மிகுந்த சூட்டில் ஓட்டையாகின்றது. ஓட்டையை மேலும் அடைக்கிறார். ஆறும்போது அந்தக் கனம் சுருங்கிச் சட்டத்தையே ஒரு பக்கம் இழுத்துவிடுகின்றது. மேலே தேய்த்துப் பூச்சு அடித்தால் எல்லாம் ஒன்றுபோல் தெரியும். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு குழந்தை சாய்ந்து நிற்கும்போது அதைத் தாங்குவது பூச்சு அன்று.

இனிச் சொல்லுக்கு வருவோம். மலாய் மொழியில் இதற்குத் ‘தாக்குக்’ என்னும் சொல் உண்டு. மரத்தில் ஏறக் கால் வைப்பதற்கு வெட்டும் படியையும் அது குறிக்கும். பழைய நிலையிலேயே இருப்பவனைப் பழைய தாக்குக்கில் இருக்கிறான் என்று மலாய்க்காரர் சொல்வர். பற்றவைத்தலுக்கு மலேசிய மலாய் ‘கிம்பால்’ என்கின்றது. இந்தோனேசியாவோ டச்சு மொழியிலிருந்து பெற்ற ‘லாஸ்’ என்பதையே வைத்திருக்கின்றது. ஒரே மொழியின் இரு கிளைகள் ஒரே வேலைக்கு இரு வழிகளில் பெயர் வைத்தன, இரண்டும் வழங்குகின்றன. மலாய்க் கலைச்சொல் பணியை நாட்டளவில் முன்னெடுத்த டேவான் பஹாசா டான் புஸ்தாகா, 1956 ஜூன் 22-இல் தொடங்கப்பெற்றது ஜோகூர் பாருவில்தான் என்பதை இவ்வூரார் பலர் மறந்துவிட்டனர். மறு ஆண்டு அது கோலாலம்பூருக்குச் சென்றுவிட்டது.

தமிழில் பற்றவைப்பு என்னும் சொல் நிலைபெற்றுவிட்டது. தமிழ்நாட்டுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் பற்றவைப்பவர், பொருத்துநர், கடைசலர் என்று பாடப்பிரிவுகளுக்கே பெயர் வைத்துள்ளன. குழல்முனை வெட்டுக்கு என்ன சொல்வது? தச்சர்களின் காடி என்னும் சொல் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் காடி நெடுக ஓடும் பள்ளம். கழுந்து, துளையில் நுழையும் முனை. இங்கே எதுவும் எதிலும் நுழைவதில்லை. ஆங்கிலத் தொழிலாளர் மீனின் வாயோடு ஒப்பிடுவர். அதை அப்படியே பெயர்த்து ‘மீன்வாய்’ என்றால் கேட்பவர்க்குச் சந்தைதான் நினைவுக்கு வரும். பிறைவெட்டு அழகான சொல். வடிவைச் சொல்கின்றது, செயலைச் சொல்லவில்லை.

நாம் முன்மொழிவது கவ்வுவாய். இரு காதும் ஓர் அடியும் சேர்ந்து மற்றக் குழலைக் கவ்வுகின்றன. கவ்வவில்லையானால் வேலை தவறு. உட்கார்தலும் இடித்தலும் போலவே கவ்வுதலும் பட்டறையில் உயிரோடு இருக்கும் வினை. ‘கவ்வுவாய் எடு’, ‘கவ்வுவாய்த் தாள்’, ‘இருமுனைக் கவ்வுவாய்’ என்று தொடர்கள் தடையின்றி எழுகின்றன. ஒரு கலைச்சொல் நிற்குமா என்பதற்கு நாம் வைக்கும் முதற்சோதனை இதுவே. ஹோல் சாவுக்கும் கிரைண்டருக்கும் பெயர் மாற்ற நாம் துடிக்கவில்லை. அவை பெட்டியின்மேல் அச்சான பெயரோடு வருகின்றன. அப்பெயரைச் சொன்னால்தான் கடைக்காரர் எடுத்துத் தருவார். கவ்வுவாயோ கடையில் கிடைக்காது. அதை விளக்கித்தான் கற்பிக்க முடியும். விளக்குவதற்குச் சொல் வேண்டும். மலேசியத் திறன் சான்றிதழுக்குப் பயில்கின்ற நம் பிள்ளைகள் மலாயில் பாடம் கேட்டு மலாயில் தேர்வு எழுதுவர், எழுதட்டும். மாலையில் பட்டறை அண்ணன் அதையே தமிழில் விளக்கும்போது கை காட்டி நிறுத்திவிடாமல் காரணத்தையும் சொல்லக்கூடுமானால், பாடம் இருமுறை பதியும்.

இருமுனைக் கவ்வுவாய் என்றோம். அதற்குரிய இரண்டு குறிப்புகளையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கம்பங்களுக்கு இடையே குறுக்குக் குழல் வைக்கும்போது, கம்பங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தை அளந்து, அதிலிருந்து ஒரு கம்பத்தின் புறவிட்டத்தைக் கழித்தால் அடியிலிருந்து அடிக்கு உரிய நீளம் கிடைக்கும். காதுகளுக்காக இரு பக்கமும் கூடுதலாக விட்டு அறுக்க வேண்டும். இரண்டு முனைகளும் ஒரே திசை நோக்க வேண்டுமாகையால், அறுப்பதற்கு முன்பே ஓர் எல்-வடிவ இரும்பைக் குழலின் முதுகில் கவிழ்த்து, அதன் விளிம்பை ஒட்டி நெடுக ஒரு கோடு கிழித்துக்கொள்வது நன்று. அந்தக் கோடு இல்லாமல் வெட்டியதில் ஒரு முனை கவ்வும். மற்றது முறுக்கிக்கொண்டு நிற்கும்.

பிறகு, இரு முனையும் கவ்வி முழுதும் பற்றவைக்கப்பட்ட குழல் மூடிய கலம் ஆகிவிடுகின்றது. அதைத் துத்தநாகப் பூச்சுக்கு அனுப்புவதாயின் இரு கோடியிலும் துளை விட்டிருக்க வேண்டும்; ஏறத்தாழ 450 பாகை செல்சியசு வெப்பத்தில் உருகி நிற்கும் துத்தநாகத் தொட்டியில், உள்ளே அடைபட்ட ஈரம் நீராவியாகிக் குழலையே வெடிக்கச் செய்துவிடும். ஏற்கெனவே துத்தநாகம் பூசிய குழலைக் கவ்வுவாய் வெட்டிப் பற்றவைப்போர், இணைப்பைச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, காற்றோட்டத்தில் நின்று, உரிய முகக்காப்பும் அணிந்தே வேலை செய்ய வேண்டும்; அந்த வெண்புகையை மூச்சில் வாங்கியவர்க்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். மூடிய குழலில் விடும் அத்துளைக்கு மட்டும் நாம் பெயர் தேட வேண்டியதில்லை. மூச்சுத்துளை என்றால் எவருக்கும் விளங்கும்.